பனங்கொட்டை ஏன் கீழ்நோக்கி முளைக்கிறது? பாம் வளர்ப்பவர்களுக்கான விதை அறிவியல்

பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டால் முளை மேலே வராது. கொட்டையின் கண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் புறப்பட்டு நேரே மண்ணுக்குள் இறங்கும். ஓரடி, மண் பொலபொலவென்றிருந்தால் அதற்கும் மேலாகப் போன பிறகுதான் அதன் நுனியில் வேர் பிடிக்கும். குருத்தும் அந்த ஆழத்திலிருந்துதான் மேல்நோக்கிக் கிளம்பும். ஆவணி, புரட்டாசியில் பதித்த கொட்டையைத் தை பிறக்கும்போது தோண்டினால் கிடைக்கிற பனங்கிழங்கு, அந்தக் குருத்தைச் சுற்றியுள்ள இலையுறை மாவுச்சத்தைச் சேர்த்துப் பருத்தது. தோண்டாமல் விட்டால் அந்த மாவைச் செலவழித்து முதல் ஓலை வெளியே வரும்.

அதே நேரத்தில் கொட்டைக்குள் இன்னொரு வேலை நடக்கிறது. இளசாக இருந்தபோது நுங்காக இருந்தது, முற்றிய கொட்டையில் கல்போல் இறுகிக் கிடக்கிறது. மன்னான் என்ற சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன தடித்த செல்சுவர்தான் அந்த இறுக்கத்துக்குக் காரணம். முளைக்குழாயின் மறுமுனை கொட்டைக்குள்ளேயே பஞ்சுபோல் ஊதி, நொதிகளைச் சுரந்து, இறுகியதைக் கரைத்து உறிஞ்சுகிறது. கொட்டையை வெட்டி எடுத்துத் தின்னும் தவண் இதுதான். யாழ்ப்பாணத்தில் பூரான் என்பார்கள். தெருவோரம் விற்கும் தேங்காய்ப்பூவும் இதே உறுப்பு, தென்னையுடையது.

ஆங்கிலத்தில் பாம் எனப்படும் பனைக் குடும்பத்தில், தென்னை, பாக்கு, ஈச்சை எல்லாம் சேர்த்து, உலகில் சுமார் 2,600 இனங்கள் உள்ளன. அவற்றை வீட்டில் வளர்க்கவும் சேகரிக்கவும் விரும்புபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தம் கையில் இருக்கும் விதை பனையைப் போல முளைக்குமா, தென்னையைப் போல முளைக்குமா என்பதுதான். தொட்டியின் ஆழம், விதைகளுக்கு இடையே விடும் இடைவெளி, இடம் மாற்றும் நேரம் எல்லாம் அதைப் பொறுத்தவை.

பனையைப் போலக் குழாய் விட்டுத் தொலைவில் முளைப்பவை: ஈச்சை, பேரீச்சை, தாளிப்பனை, வாஷிங்டோனியா, லிவிஸ்டோனா, வெள்ளிநிற ஓலைக்காக வாங்கும் பிஸ்மார்க் பாம். வறண்ட புல்வெளிகளில் தீயும் வெயிலும் மேயும் விலங்குகளும் குருத்தைத் தொடாதபடி அதை ஆழத்தில் ஒளித்துவைக்கும் ஏற்பாடு இது. இதன் உச்சம் செஷல்ஸின் பிராலன், குரியூஸ் தீவுகளில் வளரும் கடல்தேங்காய். 15 கிலோவைத் தாண்டும் அதன் விதை, சில மீட்டர் நீளக் குழாயை விட்டுக் கன்றைத் தாய்மரத்தின் நிழலைவிட்டுத் தள்ளிவைக்கிறது.

தென்னையைப் போல விதையை ஒட்டியே முளைப்பவை: பாக்கு, ராயல் பாம், பாட்டில் பாம், நரிவால் பாம், நர்சரிகளில் அரேகா பாம் என்று விற்கப்படும் மடகாஸ்கர் செடி. விதையின் பக்கத்தில் பொத்தான்போல ஒன்று புடைக்கும். அங்கேயே வேர் கீழும் தளிர் மேலுமாகக் கிளம்பும். இவற்றை நான்கு அங்குல ஆழத் தட்டில் நெருக்கமாக விதைத்தாலும் தொல்லையில்லை. முதல் வகையை அப்படி விதைத்தால் குழாய் தட்டின் அடியில் முட்டி வளைந்து, பக்கத்து விதைகளின் வேரோடு பின்னிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒடிந்தால் அந்தக் கன்று முடிந்தது; குருத்து அந்தக் குழாயின் நுனியில்தான் இருக்கிறது. ஈச்சை, லிவிஸ்டோனாவுக்கு ஓரடி ஆழப் பை போதும், பிஸ்மார்க்குக்கு ஒன்றரை அடி வேண்டும். பனையை நிலையாக நிற்கவேண்டிய இடத்திலேயே விதைப்பதுதான் சரி. தொட்டியில் பனை வளர்க்கும் ஆசையை விட்டுவிடலாம்.

விதை வாங்குவதில்தான் பெரும்பாலான காசு வீணாகிறது. மழைக்காட்டுப் பனைகளின் விதை உலர்ந்தால் செத்துவிடும். இலையுறையும் மட்டையும் சிவப்பாக இருக்கும் சிர்டோஸ்டாகிஸ், வட்ட விசிறி ஓலை கொண்ட லிக்குவாலா ஆகியவற்றின் விதைகளைப் பழம் பறித்த சில வாரங்களுக்குள் ஈரம் போகாமல் விதைத்தாக வேண்டும். கடையில் காகிதப் பொட்டலத்தில் மாதக்கணக்கில் கிடந்ததை வாங்குவதில் பயனில்லை. பாலைநிலத்து இனங்கள் இதற்கு நேரெதிர். இஸ்ரேலின் மசாடா கோட்டையில் தோண்டியெடுத்த, சுமார் 2,000 ஆண்டு பழைய பேரீச்சங்கொட்டை ஒன்று 2005இல் முளைத்து மரமாகியிருக்கிறது. எனவே ஈச்சை வகையையும் வாஷிங்டோனியாவையும் உலர்ந்த நிலையில் வாங்கலாம். மற்றவற்றைப் பழமாகவே கேட்டு வாங்குவது நல்லது.

பத்து விதை வாங்கினால் ஒன்றைப் பலிகொடுத்து வெட்டிப் பார்க்கலாம். உள்ளே வெண்மையாக, ஓட்டோடு ஒட்டி நிறைந்து, கெட்டியாக இருந்தால் உயிருள்ளது. ஓட்டிலிருந்து விலகிச் சுருங்கியோ பழுப்பேறியோ புளித்த வாடையோடோ இருந்தால் மற்ற ஒன்பதும் அனேகமாக அப்படித்தான். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் சோதனையை எல்லா இனங்களுக்கும் நம்ப முடியாது. தேங்காய் நன்றாக மிதக்கும், நன்றாக முளைக்கவும் செய்யும்.

பழத்தை நிறம் முழுதாக மாறிய பிறகுதான் எடுக்க வேண்டும்: ராயல் பாம் கருஊதா, நரிவால் பாம் ஆரஞ்சு சிவப்பு, சீன லிவிஸ்டோனா நீலப்பச்சை. தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, சதையைக் கரடுமுரடான சல்லடையில் தேய்த்துக் கழுவ வேண்டும். சதையில் முளைப்பதைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதோடு, பூசணம் முதலில் பிடிப்பதும் அதில்தான். கூந்தற்பனைப் பழத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. அதன் சதையில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. தோலில் குத்தி மணிக்கணக்கில் அரிக்கும். ரப்பர் கையுறை கட்டாயம்.

கழுவிய விதையை ஒரு நாள் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, லிட்டருக்கு 2 கிராம் கார்பன்டசிம் என்ற பூசணக்கொல்லி கலந்த கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் நனைத்தெடுக்கலாம். பிறகு, உப்புப் போகக் கழுவிய தேங்காய்நார்த் தூளும் பெர்லைட் என்ற வெள்ளை இலகுத் துகளும் சம அளவு கலந்து, கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் சொட்டு விழாத அளவுக்கு ஈரமாக்கி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் விதையோடு போட்டு மூட வேண்டும். சொட்டு விழுந்தால் ஈரம் அதிகம், கரு மூச்சுமுட்டி அழுகும். பையின்மேல் இனத்தின் பெயர், தேதி, விதை வந்த இடம் மூன்றையும் எழுதுங்கள். பனை இனங்களின் முதல் இலைகள் பெரும்பாலும் ஒற்றைப் பட்டையாகவோ இரண்டாகப் பிளந்தோதான் இருக்கும். பெயர்ச்சீட்டு தொலைந்தால் எது எது என்று சொல்ல ஆண்டுகள் ஆகும்.

முளைப்புக்கு ஏற்ற வெப்பம் 29 முதல் 35 டிகிரி செல்சியஸ். தமிழ்நாட்டுச் சமவெளியில் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை இது தானாகவே கிடைக்கிறது, மார்கழியில்தான் விதைகள் தூங்கும். நேர்வெயிலில் மட்டும் பையை வைக்கக் கூடாது. மூடிய பைக்குள் சூடேறி விதை வெந்துவிடும். வாஷிங்டோனியா மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும். அரேகா பாமுக்கு ஒன்றிரண்டு மாதம், ராயல் பாமுக்கு இரண்டு மூன்று மாதம், நரிவால் பாமுக்கு அதற்கும் சற்றுக் கூட. பிஸ்மார்க் ஆறு மாதம்கூட எடுக்கும், அதுவும் ஒரே மரத்து விதைகளே வெவ்வேறு மாதங்களில் முளைக்கும். முளைக்கவில்லையென்று பையை வீசுபவர்கள் பெரும்பாலும் உயிருள்ள விதையைத்தான் வீசுகிறார்கள்.

முளைத்ததைத் தொட்டிக்கு மாற்றும்போது விதையைப் பிய்க்கக் கூடாது. இரண்டு இலை வரும்வரை உள்ளே உறிஞ்சல் நடந்துகொண்டிருக்கும்.

அடுத்த கட்டத்தில் பொறுமை சோதிக்கப்படும். மாவும் வேம்பும் ஆண்டுதோறும் பருப்பதற்குக் காரணமான வளர்படலம் பனைக் குடும்பத்தில் கிடையாது. எனவே தண்டு உயரத் தொடங்கும் முன்பே, தரைமட்டத்திலேயே, தன் முழுப் பருமனை ஏறத்தாழ எட்டிவிட வேண்டும். அந்த ஆண்டுகளில் இலைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிதாக வருமே தவிர மரம் எழும்பாது. பனையும் பிஸ்மார்க்கும் இதில் நெடுநாள் எடுத்துக்கொள்பவை. இந்தப் பருவத்தில் உணவோ நீரோ தட்டினால் அடித்தண்டு ஒல்லியாகவே நின்றுவிடும், பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் அந்த இடம் பருக்காது.

வளர்படலம் இல்லாததன் இன்னொரு விளைவு, தண்டில் விழுந்த காயம் ஆறுவதே இல்லை. ஆணி அடித்த ஓட்டையும் கயிறு அறுத்த தடமும் மரம் உள்ளவரை இருக்கும். உச்சியில் உள்ள ஒரே குருத்துமுனைதான் எல்லா இலைகளையும் உண்டாக்குகிறது. ஒற்றைத் தண்டு இனங்களில் அது அழுகினால் மாற்று மொட்டு எதுவும் இல்லை. மழைக்காலத்தில் குருத்தழுகல் நோய் ஒரு தென்னையையே சாய்ப்பது இதனால்தான்.

நடும்போது பலர் செய்யும் தவறு ஆழம். காற்றில் சாயாமலிருக்க என்று அரையடி கூடுதலாகப் புதைப்பார்கள். பனை இனங்களின் வேர்கள் எல்லாம் தண்டின் அடிப்பகுதியிலிருந்தே புதிது புதிதாக வருபவை. அந்த இடம் காற்றில்லாத ஆழத்துக்குப் போனால் வேர் வராது, இருக்கும் வேரும் இரும்பை எடுக்காது, புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளுக்கும். உடனே சாகாது, இரண்டு மூன்று ஆண்டு இழுத்துக்கொண்டு கிடக்கும் என்பதால் யாரும் நட்ட ஆழத்தைச் சந்தேகிப்பதில்லை. தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நட்டு, மூன்று மூங்கில் முட்டுக் கொடுங்கள்.

வளர்ந்த மரத்தைப் பெயர்த்து நடுவதிலும் இனத்துக்கு இனம் வேறுபாடு உண்டு. தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறத்தாழ பாதி மீண்டும் கிளைவிடும். அமெரிக்காவின் சபால் பனையிலோ வெட்டிய வேர் அனைத்தும் மடிந்து, தண்டடியிலிருந்து முற்றிலும் புதிய வேர் வர வேண்டும். பிஸ்மார்க்கும் பனையும் வேர் அறுபடுவதைத் தாங்காதவை. தரையில் வேரூன்றிய பின் அவற்றைத் தொடாமலிருப்பதே மேல்.

ஓலையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் உரச்செலவு குறையும். மூத்த ஓலைகளில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றி நுனி கருகினால் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைவு. மூத்த ஓலையின் ஓரம் மட்டும் பட்டையாக மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக நின்றால் மக்னீசியம் குறைவு. புதுக்குருத்து சுருண்டு கருகி வந்தால் மாங்கனீசு. சுண்ணாம்பு மண்ணில் இது அடிக்கடி வரும். இலைநுனி கொக்கிபோல் வளைந்தால் போரான். எல்லா ஓலைகளிலும் நுனி மட்டும் காய்ந்தால் அது சத்துக் குறையே அல்ல, பெரும்பாலும் உப்புப் போர்த்தண்ணீர்.

இதில் மிகுதியாகக் காண்பது சாம்பல்சத்துக் குறைவு, அதை மோசமாக்குவது நம் கத்தரிக்கோல். மரம் மூத்த ஓலையிலிருந்து சாம்பல்சத்தை எடுத்துத்தான் புதுக்குருத்தை வளர்க்கிறது. அழகில்லை என்று மஞ்சளோலையை வெட்டினால், எடுப்பதற்கு அடுத்த வரிசை ஓலைதான் மிஞ்சும், அதுவும் மஞ்சளாகும். யூரியாவை மட்டும் போடுவது வளர்ச்சியைத் தூண்டிக் குறையை மேலும் பெருக்கும். தரையில் நிற்பவற்றுக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷோடு மக்னீசியம் சல்பேட்டும் சேர்த்து, ஆண்டு அளவைப் பலமுறையாகப் பிரித்து இடலாம். தொட்டியில் குளோரைடு தேங்கும் என்பதால் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் மேல். மஞ்சளான ஓலை திரும்பப் பச்சையாகாது. புதுக்கொண்டை முழுக்க வரும்வரை, அதாவது ஓரிரு ஆண்டுகள், காத்திருக்க வேண்டும்.

பச்சை மட்டையை வெட்டுவதால் வரும் இன்னொரு ஆபத்து சிவப்புக் கூன்வண்டு. புதுக்காயத்தின் வாடைக்கு அது வந்து முட்டையிடும், புழு தண்டைக் குடைவது வெளியே தெரிவதற்குள் உச்சி சாய்ந்துவிடும். காண்டாமிருக வண்டு கடித்த ஓட்டையும் அதற்கு வாசல். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோணத் துண்டுகள் காணாமல் போயிருந்தால் காண்டாமிருக வண்டு வந்துபோயிருக்கிறது. தென்னைக்குச் சொல்லப்படும் பரிந்துரையை மற்ற பெரிய பாம்களுக்கும் பின்பற்றலாம்: உச்சியின் உள் மூன்று மட்டைக் கக்கங்களில், ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம். பக்கத்தில் சாணக்குழி இருந்தால், அதில் வளரும் காண்டாமிருக வண்டின் புழுவைத் தேடி அழிக்காமல் இந்தத் தூள் போடுவது பாதி வேலைதான்.

சேகரிப்பு பெருகும்போது விதையின் பிறப்பையும் பார்க்க வேண்டியிருக்கும். ஈச்சை இனங்களில் ஆண் பெண் தனித்தனி மரம். ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று ஈச்சை இனங்கள் பூத்தால் மகரந்தம் கலந்து, விதை கலப்பினமாகலாம். அரிய இனங்களின் விதைக்கு வேறொரு கணக்கும் உண்டு. நரிவால் பாம் ஆஸ்திரேலியாவின் கேப் மெல்வில் பகுதியில் மட்டும் இயற்கையாக வளர்வது; 1983இல் அறிவியல் பெயர் பெற்ற பிறகு அதன் விதைக்கு வந்த கிராக்கியில் காட்டு மரங்களிலிருந்தே திருடினார்கள். இன்று அது நம் ஊர்ச் சாலையோரங்களிலும் காய்க்கிறது, வெளிநாட்டு விதைக்கே தேவையில்லை. மொரீஷியஸ் அருகே ரவுண்ட் தீவில் சில மரங்களாகச் சுருங்கிய பாட்டில் பாமும் அப்படியே. எந்த இனமானாலும் வெளிநாட்டிலிருந்து விதை தருவிக்க இந்தியாவில் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

இடம் ஒதுக்கும்போது பூக்கும் முறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாளிப்பனை முப்பது ஆண்டுக்கு மேல் வளர்ந்து, உச்சியில் ஒரே ஒரு மாபெரும் பூங்கொத்தை விட்டு, காய் முதிர்ந்ததும் செத்துவிடும். கூந்தற்பனை மேலிருந்து கீழாக ஒவ்வொரு கணுவாகப் பூத்து, அடிக்கணுவோடு முடியும். வீட்டுச் சுவரருகே இவற்றை நட்டால், பட்ட மரத்தைத் துண்டு துண்டாக இறக்க ஆள் தேட வேண்டிவரும். கூந்தற்பனையின் மீன்வால் போன்ற ஓலை பிடித்திருந்து இடம் குறைவாக இருந்தால் அதன் உறவான கரியோட்டா மைட்டிஸ் வாங்கலாம். அதுவும் பூத்த தண்டை இழக்கும், ஆனால் தூராக வளர்வதால் பக்கத்துத் தண்டுகள் நிற்கும். காய்ந்ததை மட்டும் தரையோடு அறுத்துவிட்டால் போதும்.