கிணற்று மோட்டரை விடப் பத்து மடங்கு வேகம்: வக்யூம் கிளீனர் மோட்டர் எதனால் தேய்கிறது?

மட்டக்களப்புப் பக்கத்து வளவுகளில் கிணற்றோடு ஒரு தண்ணீர் மோட்டர் இருப்பது வழக்கம். அது நிமிடத்துக்குச் சுமார் 2,800 தடவை சுற்றும். 3,000ஐ ஒருநாளும் தாண்டாது. நமக்கு வரும் மின்சாரத்தின் தாளம் செக்கனுக்கு 50 தடவை, அதாவது நிமிடத்துக்கு 3,000. அந்தத் தாளத்தை முந்தி ஓட அவ்வகை மோட்டரால் ஏலாது. ஆனால் அதே 230 வோல்ட் பிளக்கில் செருகும் வக்யூம் கிளீனரின் மோட்டர் 25,000, 30,000 என்று சுற்றுகிறது.

இந்த வேகம் இல்லாமல் வேலை நடக்காது. காற்று மிக இலேசானது. உள்ளே இருக்கும் சிறிய விசிறி, நடுவில் உள்ள காற்றை ஓரத்துக்கு வீசி எறிய வேண்டும். அப்படி எறிந்தால் நடுவில் அழுத்தம் குறையும். நல்ல இயந்திரம் ஒன்றில் அது வெளி வளிமண்டல அழுத்தத்தை விட ஐந்திலொரு பங்கு வரை குறைவாக இருக்கும். பிறகு மோட்டர் எதையும் இழுக்கத் தேவையில்லை. வெளியில் இருக்கும் காற்றே தூசியையும் மணலையும் உள்ளே தள்ளிவிடும்.

வேகத்தின் இரகசியம் கம்பிச் சுருள்களின் இணைப்பில் இருக்கிறது. வெளியே அசையாமல் நிற்கும் சுருளும், நடுவில் சுற்றும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் தொடராக இணைந்திருக்கும். மின்னோட்டம் திசை மாறும்போது இரண்டின் காந்தப்புலமும் சேர்ந்தே மாறும். அதனால் தள்ளும் திசை மட்டும் மாறாது. பிளக்கின் இரண்டு வயர்களை மாற்றிப் போட்டாலும் அது எதிர்ப்பக்கம் சுற்றாததற்கும் இதுவே காரணம். ஆகவே கிணற்று மோட்டரைப் போல இது மின்சாரத்தின் தாளத்துக்குக் கட்டுப்படத் தேவையில்லை.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. சுற்றிக்கொண்டிருக்கும் ஆர்மேச்சருக்குக் கரண்ட் போகவேண்டும். அதற்காக இரண்டு கரித்துண்டுகள், ஸ்பிரிங் அழுத்த, செப்புப் பட்டைகள் பதித்த வளையத்தின் மேல் உரசிக்கொண்டே இருக்கின்றன. காபன் பிரஷ் என்று கடையில் கேட்டால் கிடைப்பது இதுதான். சில நூறு மணித்தியால ஓட்டத்தில் அது தேய்ந்து குட்டையாகிவிடும்; பிறகு ஸ்பிரிங் எட்டாது, தொடுகை விட்டுப்போகும், பொறி பறக்கும், ஒருநாள் நின்றுவிடும். “மோட்டர் போச்சு” என்று தூக்கிக்கொண்டு வருபவரிடம், மோட்டர் கட்டுகிற கடைக்காரர் “மனே, மோட்டருக்கு ஒண்டுமில்ல, கரிதான் முடிஞ்சிருக்கு” என்று சொன்னால் அவரை நம்பலாம்.

கடலோரத்து ஈரக்காற்றுத்தான் கரியைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. கரியிலுள்ள கிராபைட் வழுக்கி ஓடுவதற்குக் காற்றில் கொஞ்சம் நீராவி வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், மிக உயரத்தில் வறண்ட காற்றில் பறந்த விமானங்களின் கரித்துண்டுகள் கிடுகிடுவென்று தூளானபோதுதான் இது துலங்கியது. உப்புக்காற்று வயர் முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும், அது மெய். ஆனால் பெரிய எதிரி கச்சான் காற்றுக் காலத்துத் தூசிதான். சாதாரண உலர் வகை இயந்திரங்களில், பையையும் வடிகட்டியையும் தாண்டி வரும் காற்றேதான் மோட்டரையும் குளிர்விக்கிறது. பை நிரம்பினால் குளிர்ச்சி நின்றுவிடும். வடிகட்டி கிழிந்தால் நுண்மணல் நேரே பெயாரிங்குக்குள் போகும். தண்ணீரையும் சேர்த்து இழுக்கும் வகைகளில் மட்டும் மோட்டரைக் குளிர்விக்கத் தனி விசிறியும் தனிக் காற்று வழியும் இருக்கும்.

ஆகவே புதுமோட்டர் வாங்குமுன் பழையதைக் கழற்றிப் பாருங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கரி மூன்றிலொரு பங்குக்குத் தேய்ந்து, செப்பு வளையம் மழமழவென்று இருந்தால், ஒரு சோடிக் கரியோடு காரியம் முடிந்தது. வளையத்தில் ஆழமான தடமோ கருகிய பட்டையோ தெரிந்தால் புதுக்கரியும் நின்றுபிடிக்காது. அடுத்து, அச்சைக் கையால் மெல்லத் திருப்புங்கள். மணல் அரைபடுவதுபோல் கரகரத்தால், அல்லது பக்கவாட்டில் ஆடினால், பெயாரிங் போயிருக்கிறது. அந்த வேகத்தில் ஓடும் விசிறியை வீட்டில் கழற்றிப் பூட்டினால் சமநிலை கெட்டு அதிரும் என்பதால், இங்கேதான் முழு மோட்டரையும் மாற்றுவது புத்தி.

புதியதை எடுக்கும்போது வாட் எண்ணை விட அளவுதான் முக்கியம். விசிறிக் கூட்டின் விட்டம், மொத்த உயரம், விசிறி ஒரு தட்டா இரண்டு தட்டா, உலர் வகையா ஈர வகையா என்பதெல்லாம் பழையதோடு ஒத்துப்போகவேண்டும். ஈர இயந்திரத்தில் உலர் மோட்டரைப் போட்டால் தண்ணீர் சுருளுக்குள் போய்விடும். வாட் கூடினால் உறிஞ்சல் கூடும் என்பதும் கடைப் பேச்சுத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் வக்யூம் கிளீனர்களை 900 வாட்டுக்கு மேல் விற்கக்கூடாதென்று கட்டுப்படுத்தியது; அங்கே வீடுகள் அழுக்காகிவிடவில்லை. அதோடு 1,400 வாட் மோட்டர் 6 அம்பியருக்கு மேல் இழுக்கும். நம்முடைய பழைய வீடுகளின் 5 அம்பியர் பிளக்கில் அதைப் போட்டால் பிளக் சூடேறி உருகவும் கூடும்.

வயர்களைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பச்சை மஞ்சள் எர்த் வயர் இருந்தால் அது இருந்த இடத்துக்கே திரும்பப் போகவேண்டும். மோட்டரின் மேலும் கீழும் இருக்கும் றப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருந்தால் புதிது போடவேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான்.

எல்லாம் பூட்டியானதும் இயந்திரத்தை ஓடவிட்டு, குழாய் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். சத்தம் கீச்சென்று உயரவேண்டும். அது மோட்டர் திணறும் சத்தமில்லை. காற்று வராததால் விசிறிக்கு எறிய ஒன்றுமில்லை, சுமை குறைந்து வேகம் கூடுகிறது. குளிர்ச்சியும் அந்த நேரம் நின்றிருப்பதால் இரண்டு மூன்று செக்கனில் கையை எடுத்துவிடுங்கள். சத்தம் மாறவே இல்லையென்றால் வேறெங்கோ வழியாகக் காற்று புகுகிறது. பெரும்பாலும் அந்த றப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. திரும்பக் கழற்றத்தான் வேண்டும்.