செத்த மகரந்தமும் மஞ்சள்தான்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பூசணிப் பிஞ்சுகள் ஒன்றுவிடாமல் வெம்பி உதிர்ந்தன. தேனீ வரவில்லை, சரி, நாமே செய்வோம் என்று ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தேய்த்தும் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. "பதினோரு மணிக்கு எந்திரிச்சு வந்து தேய்ச்சா எப்படிடா காய்க்கும், விடிகாலைல செய்" என்றார் அம்மா. சரியாகத்தான் சொன்னார். பூசணி மகரந்தம் பூத்த அன்றே, வெயில் ஏற ஏற உயிர் குறைந்துகொண்டே வரும், நிறம் மட்டும் மாறவே மாறாது.

இதே தலைவலிதான் கொலம்பியா, ஈக்வடார் பாமாயில் தோட்டங்களிலும். குருத்தழுகல் நோய் ஆப்பிரிக்க எண்ணெய்ப் பனையைக் காலி செய்ததால், அதை அமெரிக்க இனத்தோடு சேர்த்த கலப்பின மரங்களை நட்டார்கள். நோயை நன்றாகவே தாங்குகிறது, ஆனால் ஆண் பூங்கொத்து குறைவு, அதில் வரும் மகரந்தமும் பெரும்பாலும் மலடு. 1981-ல் எண்ணெய்ப் பனைக்கு மகரந்தம் சுமக்கும் கேமரூன் கூன்வண்டு இனம் ஒன்றை மலேசியாவில் விட்டதும் அங்கே கையால் மகரந்தம் தூவும் வேலையே ஒழிந்தது, அந்தக் கூன்வண்டும் கலப்பினப் பூவைச் சரியாக எட்டிப் பார்ப்பதில்லை. ஆக, வேலை மனிதர் தலையில்.

மகரந்தத்தை ஆப்பிரிக்க மரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். பூ விரியும் சமயம் கிட்டே போனால் சோம்பு வாசனை அடிக்கும். ஆண் பூங்கொத்தை வெட்டி, உதறி, சலித்து, உலர்த்தி ஃப்ரீசரில் வைப்பார்கள். உலர்த்துவதில்தான் சூட்சுமம்: ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும், உறையும்போது உள்ளே பனிப்படிகம் குத்திக் கிழிக்கும், சூடு மிஞ்சினால் அங்கேயே வெந்துபோகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த புட்டியை உடனே திறந்தாலும் வம்புதான், காற்றின் ஈரம் ஜில்லென்ற தூளில் படிந்து, ஃப்ரிட்ஜில் வைத்த காபித்தூள் மாதிரி கட்டி தட்டிவிடும்.

உயிர் இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. சர்க்கரையும் போரிக் அமிலமும் கலந்த ஊடகத்தில் கொஞ்சம் போட்டு, நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதலான வெப்பத்தில் இரண்டு மணி நேரம் போல வைத்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். உயிருள்ள துகளிலிருந்து, முளைகட்டிய பயறு மாதிரி, ஒரு வால் நீளும். சூலை நோக்கிப் போகவேண்டிய மகரந்தக் குழல் அதுதான். வால் துகளின் விட்டத்தைத் தாண்டினால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். நூற்றில் 80 முளைக்கும் இடத்தில் 40தான் முளைக்கிறது என்றால், அதே உயிர்த் துகள்கள் போய்ச் சேர இரண்டு மடங்கு தூவவேண்டும்.

அப்புறம் டால்க் மாவில் கலந்து, பாளையைக் கிழித்து, பெண் பூங்கொத்தில் ஊதுகிறார்கள். எல்லாப் பூவும் ஒரே நாளில் விரியாது என்பதால் அதே மரத்துக்குத் திரும்பவும் வரவேண்டும். குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும், அதுவரை புட்டியில் இருந்த கோளாறு முழுதாக வெளியே தெரியாது.

இந்த இம்சையே வேண்டாம் என்று இப்போது சில தோட்டங்கள் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளிக்கின்றன. பழம் வருகிறது, விதைதான் இல்லை. சதையில் எண்ணெய் உண்டு, விதைப்பருப்பு எண்ணெய் கிடையாது.