வக்கீல் ஃபீஸை யார் கொடுத்தது?

பல வருடங்களாகக் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். சிறுவர்கள் சிக்கிய வழக்கு வந்தால் கேஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஒன்று கேட்டுவிடுவேன்: "ஃபீஸ் யார் கொடுக்கப்போறீங்க?" பணத்திலேயே குறியான ஆள் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

பதினாறு வயதுப் பையன் ஒருவன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பார்சல் ஒன்றைக் கைமாற்றும்போது பிடிபட்டவன். ஒரு பக்கம் அவன் அம்மா. மறுபக்கம் மடிப்புக் கலையாத சட்டையில் ஓர் இளைஞர். "தம்பிக்கு நான் அண்ணன் மாதிரி சார்" என்றபடி முழு ஃபீஸையும் ரொக்கமாக மேஜைமேல் வைத்தார். பேரமே பேசவில்லை. பேரம் பேசாத கட்சிக்காரரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பையன் எதைக் கேட்டாலும் அந்த ஆளின் ஷூவைப் பார்த்தே பதில் சொன்னான். பார்சல் யார் கொடுத்தது? "ரோட்ல கிடந்துச்சு சார்." நாலு பேப்பரைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்து வரும்படி 'அண்ணனை' அனுப்பிவைத்தேன். கதவு சாத்தியதும் பையன் சொன்னான்: "அந்தப் பணத்தை வாங்காதீங்க சார். அதுவும் என் கணக்குல ஏறும்."

கணக்கு. ரவுடிக் கும்பல் என்றதும் நம் கண்ணுக்குக் கத்தியும் பைக்கும்தான் வருகின்றன. ஒரு பையனைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். இவன் விஷயத்தில் அது உதவியாகத்தான் ஆரம்பித்தது. பள்ளியில் இவனை அடித்துக்கொண்டிருந்தவனை யாரோ கூப்பிட்டு மிரட்டி அடக்கிவைத்தார்கள். பிறகு ஒரு ஷூ, ஒரு பழைய போன். அடுத்து, "இதைக் கொண்டுபோய்க் குடுத்துடு." மூன்றாவது தடவை வழியில் இரண்டு பேர் பார்சலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். சரக்கின் விலை முழுவதும் இவன் தலையில் விழுந்தது. பிடுங்கியதும் அதே கும்பலின் ஆட்கள்தான் என்பது இவனுக்கு ரொம்ப நாள் கழித்தே தெரிந்தது.

இது இவனுக்கு மட்டும் நடந்ததல்ல. பிரிட்டனில் நகரத்துப் போதைக் கும்பல்கள் சிறுவர்களை வைத்துச் சிற்றூர்களுக்குச் சரக்கு அனுப்புவதை 'கவுன்டி லைன்ஸ்' என்பார்கள். தாங்களே ஆள் வைத்து வழிப்பறி செய்துவிட்டு, பிள்ளைகளைக் கடனாளியாக்குவது அங்கே நன்றாகப் பதிவான உத்தி. அந்த நாட்டின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, இப்படிச் சுரண்டப்பட்டுக் குற்றம் செய்தவருக்கு ஒரு தற்காப்பு வாதத்தைத் தருகிறது. கொலை, கொள்ளை போன்ற கடும் குற்றங்களுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் இதில் காசு பார்ப்பது யார்? அமெரிக்காவில் போதை விற்ற கும்பல் ஒன்றின் வரவுசெலவுக் கணக்கே ஆய்வாளர்கள் கைக்குக் கிடைத்து, 2000-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. தெருமுனையில் நின்று விற்றவர்களின் வருமானம் ஏறக்குறைய குறைந்தபட்சக் கூலி அளவுதான். லாபமெல்லாம் மேலே இருந்த சிலருக்குப் போனது. வெட்டுப்படுகிறவனும் பிடிபடுகிறவனும் கீழே நிற்கிறவன்தான்.

கும்பல் தனி ஆட்களோடு நிற்பதில்லை, தெருவையும் இதே கணக்குக்குள் கொண்டுவந்துவிடும். எம்எஸ்-13 கும்பல் 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸில், எல் சால்வடோர் உள்நாட்டுப் போருக்குத் தப்பி வந்த அகதிகளின் பிள்ளைகளிடையே உருவானது. மற்ற கும்பல்களிடமிருந்து காத்துக்கொள்ளச் சேர்ந்தவர்கள் அதில் நிறைய. குற்றவாளிகள் என்று அமெரிக்கா அவர்களை நாடு கடத்தியபோது, கும்பலும் கூடவே போய் இறங்கியது. பிறகு அங்கே பஸ் முதலாளி தொடங்கிச் சின்ன வியாபாரிவரை 'ரென்டா' கட்ட வேண்டியதாயிற்று. ரென்டா என்றால் வாடகை. நம் வாய்க்கு மாமூல்.

இத்தாலியின் சிசிலித் தீவில் மாஃபியா கேட்கும் இந்த மாமூலுக்குப் பெயர் 'பிட்ஸோ'. பலேர்மோவில் ஆடைத் தொழிற்சாலை வைத்திருந்த லிபெரோ கிராஸி, தன்னிடம் பணம் கேட்டு மிரட்டுபவருக்கு 1991 ஜனவரியில் செய்தித்தாளிலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார்: தர மாட்டேன் என்று. மற்ற தொழிலதிபர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஆகஸ்ட் 29 அன்று வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2004-இல் இளைஞர்கள் சிலர் இரவோடு இரவாக நகரமெங்கும் ஸ்டிக்கர் ஒட்டி 'அட்டியோபிட்ஸோ' இயக்கத்தைத் தொடங்கினார்கள். மாமூல் தராத கடைகளைப் பட்டியல் போட்டு, அங்கே மட்டும் வாங்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். கிராஸி தனி ஆளாக நின்றதால்தான் அவரைத் தூக்க முடிந்தது என்பது என் எண்ணம். சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது: 1982-இல் இத்தாலி தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 416-பிஸ் பிரிவு, மிரட்டலையும் வாய்திறக்காத அச்சத்தையும் ஆயுதமாகக் கொண்ட கூட்டத்தில் இருப்பதையே குற்றமாக்கியது.

பெற்றோர் பிள்ளையின் பையில் கத்தி இருக்கிறதா என்று தேடுகிறார்கள். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் ஏடிஎம் கார்டு அவனிடம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். "ஒரு நாள் உன் அக்கவுன்ட்ல பணம் வந்து போகும், உனக்கு கொஞ்சம் கமிஷன்" என்று கேட்டுத்தான் படித்த பிள்ளைகளை இப்போது இழுக்கிறார்கள். மோசடிப் பணம் கைமாறும் வழி அது. போலீஸ் முதலில் தட்டுவது கணக்குக்காரன் வீட்டுக் கதவைத்தான். இரண்டாவது போன், வாங்கித் தந்தவர் பெயர் சொல்லாத பொருள், திடீரென்று வீட்டிலேயே சின்னச் சின்னதாகப் பணம் காணாமல் போவது: கடைசியாகச் சொன்னதைத் திருட்டு என்று நினைத்து அடிக்காதீர்கள். எங்கோ தவணை கட்டிக்கொண்டிருக்கிறான். "எவ்வளவு தரணும், யாருக்கு?" என்று கேளுங்கள். அந்தக் கடனை நீங்களே அடைத்துவிடலாம் என்றும் இறங்காதீர்கள். ஒரு தடவை கட்டும் வீடு மறுபடியும் கட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். போனை அழிக்காமல், மெசேஜ்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நீங்களே தேர்ந்தெடுத்த வக்கீலிடம் போங்கள். கையில் காசு இல்லையென்றால் இலவச சட்ட உதவி கேளுங்கள். யாரோ ஒரு அண்ணன் ஏற்பாடு செய்யும் பெரிய வக்கீலைவிட அது மேல்.

அன்றைக்கு ஜெராக்ஸோடு திரும்பிய 'அண்ணனிடம்' பணத்தை நீட்டினேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, பையனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். இரண்டு மாதம் அமைதி. பிறகு ஒருவன் அந்த ஷூவுக்கான பணத்தைக் கேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். அம்மா பயந்தார், ஆனாலும் அன்று சாயங்காலமே எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு ரசீதோடு என் ஆபீஸுக்கு வந்தார். பையனை மிரட்டித்தான் வேலை வாங்கினார்கள் என்பதற்கு நாங்கள் கோர்ட்டில் வைத்த முதல் காகிதம் அந்த ரசீதுதான்.