விசையாழிக்குப் பிறகும் மிஞ்சும் சூடு

புவிவெப்பம் என்றதும் மின்சாரத்தைப் பற்றித்தான் முதலில் பேசுகிறோம். ஆனால் அதன் பெரிய பலன் சூடாகவே பயன்படுத்துவதில் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு ஐஸ்லாந்தைப் பார்த்தால் போதும். அங்கே பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கதகதப்பைத் தருவது புவிவெப்பம்தான்.

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். பெரும்பாலான இடங்களில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். பூமி உருவானபோது உள்ளே தங்கிய வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவும்தான் காரணம். ஐஸ்லாந்தில் இரண்டு நிலத்தட்டுகள் விலகிக்கொண்டிருப்பதால் அந்தச் சூடு மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

மழைநீரும் பனிநீரும் பாறை விரிசல்களில் இறங்கி 200 டிகிரிக்கும் மேல் சூடாகின்றன. மேலிருந்து அழுத்தம் இருப்பதால் அந்த நீர் கொதிப்பதில்லை. ஆழ்துளைக் கிணறு வழியாக மேலே வரும்போது அழுத்தம் குறையும். ஒரு பகுதி நீராவியாகிவிடும். ஐஸ்லாந்தின் நெஸ்யவெட்லிர் புவிவெப்ப மின்நிலையத்தில் அந்த நீராவி, மின்சாரம் தரும் விசையாழியை (டர்பைன்) சுழற்றுகிறது. அதன் வெப்பத்தில் சிறு பங்குதான் மின்சாரமாகும். மீதியை வீணாக்காமல், குளிர்ந்த நிலத்தடி நீரைச் சூடாக்கி, 27 கிலோமீட்டர் குழாயில் தலைநகர் ரெய்க்யவிக் பக்கம் அனுப்புகிறார்கள். வழியில் இழக்கும் சூடு சுமார் 2 டிகிரிதான்!

கிணற்று நீரையே அனுப்பினால் என்ன? அதில் மணலில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமம் நிறையக் கரைந்திருக்கும். ஆறும்போது குழாயில் படிந்து அடைத்துவிடும். அதனால்தான் வெப்பப் பரிமாற்றி வழியாகச் சூட்டை மட்டும் நல்ல நீருக்கு மாற்றுகிறார்கள். அப்புறம் அந்த நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும்.

சரி, இது தீராத வளமா? நீர் திரும்பி ஊறுவதைவிட வேகமாக எடுத்தால் கிணற்றில் அழுத்தம் விழுந்துவிடும். கலிஃபோர்னியாவின் 'தி கெய்சர்ஸ்' புவிவெப்ப மின்நிலையப் பகுதியில் 1980களின் கடைசியில் இதுதான் நடந்தது. பாறையில் சூடு இருந்தது, நீர்தான் போதவில்லை. 1997 முதல் லேக் கவுன்டியின் சுத்திகரித்த கழிவுநீரும், 2003 முதல் சான்டா ரோசா நகரத்தின் கழிவுநீரும் குழாயில் வந்து அந்தப் பாறைகளுக்குள் இறங்குகின்றன. அதுவே நீராவியாகத் திரும்பி வந்து விசையாழியைச் சுழற்றுகிறது.