‘ப்ரொபேஷன்’: நன்னடத்தையா, கண்காணிப்பா?

“பதினெட்டு மாசமா? வேலைக்குன்னா மூணு மாசம்தானே தம்பி?”

சில ஆண்டுகளுக்கு முன்பு, மொழிபெயர்த்துச் சொல்வதற்காகச் சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் போயிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் கேட்டது இது. எதிரே ப்ரொபேஷன் அதிகாரி உட்கார்ந்திருந்தார், சீனப் பெண்மணி. அவருக்குக் கலந்து வைத்த மைலோ ஆறிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் இளைய மகன் திருட்டு வழக்கில் மாட்டியிருந்தான். நீதிமன்றத்தில் சொன்னதில் ‘ப்ரொபேஷன்’ ஒன்றுதான் அவர் காதில் நின்றது, ஏனென்றால் அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். துப்புரவு வேலையில் சேர்ந்தபோது அவரே 3 மாதம் ப்ரொபேஷனில் இருந்திருக்கிறார். மூத்த மகன் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்து, வேலையிடத்து வேனின் கண்ணாடியில் அந்த முக்கோண ‘ப்ரொபேஷன் பிளேட்’டை மாட்டிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான். சின்னவனுக்கும் அரசாங்கமே ஏதோ வேலை போட்டுக் கொடுத்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்துவிட்டார், பாவம்.

ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் ஒரே சொல். தமிழில் அப்படி இல்லை. வேலைக்குத் தமிழ்நாட்டு அரசாணைகள் ‘தகுதிகாண் பருவம்’ என்று எழுதுகின்றன, இலங்கையில் ‘தகுதிகாண் காலம்’ என்பார்கள். நல்ல சொல், தயங்காமல் நாமும் எடுத்துக்கொள்ளலாம். புதிய ஓட்டுநரின் முதல் ஆண்டுக்கும் அது பொருந்தும். அந்த ஓராண்டுக்குள் 13 குற்றப்புள்ளிகள் சேர்ந்துவிட்டால் உரிமம் போய்விடும், ஆகவே அங்கே நடப்பது தகுதி காண்பதுதான். நீதிமன்றத்தில் வரும் ப்ரொபேஷனுக்குத்தான், அதாவது குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் ஓர் அதிகாரியின் மேற்பார்வையில் விடுவதற்குத்தான், ‘நன்னடத்தைக் கண்காணிப்பு’. சிங்கப்பூர்ச் செய்திகளில் நாம் அன்றாடம் பார்க்கும் சொல் அது. அந்த அம்மாவிடம் நான் சொன்னதும் அதைத்தான். அவர் முகம் தெளியவில்லை, இன்னும் இருண்டது. ஏன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் மூலச்சொல். லத்தீனில் ‘ப்ரொபுஸ்’ என்றால் நல்ல, நேர்மையான என்று பொருள். அதிலிருந்து வந்த வினை ‘ப்ரொபாரே’, ஒன்று நல்லதுதானா என்று சோதித்துப் பார்ப்பது. சோதித்து நல்லது என ஏற்பதும் அதே வினைதான். நம்மிடம் இதற்கு நெருங்கிய உருவகம் பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல். ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிற குறள் சொல்வதும் அதுதான்: ஆள் எப்படிப்பட்டவன் என்பதை அவன் செய்கையில் உரைத்துப் பார்.

இந்தச் சொல் நீதிமன்றத்துக்குள் நுழைந்த கதையில் ஒரு செருப்புத் தொழிலாளி வருகிறார். 1841இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்பவர், குடிபோதை வழக்கில் நின்ற ஒருவரைத் தம் பொறுப்பில் பிணையெடுத்தார். சில வாரம் கழித்து அந்த ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறி வந்து நின்றார், பெயரளவுக்கு ஓர் அபராதத்தோடு வழக்கு முடிந்தது. 1859இல் இறக்கும்வரை அகஸ்டஸ் இதே வேலையாக இருந்தார். 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது. பிரிட்டன் 1907இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதில் அதிகாரியின் கடமையாக மூன்று வினைகள் இருந்தன: அறிவுரை சொல், உதவி செய், நட்புக் கொள். சட்டப் புத்தகத்தில் நட்புக்கு என்ன வேலை என்று எனக்கு இன்னும் வியப்புதான். சிங்கப்பூருக்கு இதற்கான சட்டம் 1951இல் வந்தது.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். நல் + நூல் நன்னூல் ஆனதுபோல நல் + நடத்தை நன்னடத்தை. ‘நட’ என்ற வேர். காலால் நடப்பதும், வாழ்க்கையில் நடந்துகொள்வதும் தமிழுக்கு ஒன்றுதான். லத்தீன் வேரில் இருந்த ‘நல்ல’ நம் சொல்லில் முன்னால் வந்து நின்றுகொண்டது. ‘சோதித்துப் பார்ப்பது’ மட்டும் எங்கோ விழுந்துவிட்டது. ‘சோதனைக் காலம்’ என்று வைத்திருக்கலாமே என்றால், வேண்டாம். தமிழில் சோதனைக் காலம் என்றால் சனி பிடித்த காலம் என்றுதான் கேட்பவர் நினைப்பார்.

நன்னடத்தை என்ற சொல்லுக்கும் அதன் சுமைகள் உண்டு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ் நினைவுக்கு வரும். 40 வயதைத் தாண்டி, மீசை நரைத்த ஒருவரிடம் போய் “உங்கள் நன்னடத்தையைக் கண்காணிப்பார்கள்” என்றால் அவருக்குக் கூசத்தான் செய்யும். தமிழ்நாட்டுச் செய்தித்தாள் படிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு வேறொரு குழப்பம். அங்கே ‘நன்னடத்தை காரணமாக முன்கூட்டியே விடுதலை’ என்று அடிக்கடி வரும், அதனால் இதைச் சிறையோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் மோசம். நம் பேச்சு வழக்கில் ‘அவ நடத்தை சரியில்லை’ என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடையில் முகப்பூச்சு திருடிய ஒரு பெண்ணுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு என்று உறவுக்காரர்கள் கேள்விப்பட்டால், அவர்கள் மனத்தில் திருட்டு வராது, வேறு கதைதான் ஓடும். இந்தச் சொல்லை உருவாக்கியவர்கள் ‘ஒழுக்கம்’ என்பதைத் தவிர்த்தது நல்லதுதான். ஆனால் நடத்தையும் அதற்குப் பக்கத்து வீடுதான்.

இரண்டாம் பாதியான ‘கண்காணிப்பு’தான் எனக்கு அதிகம் உறுத்துவது. கண்ணால் காண்பவன் கண்காணி, பழைய சொல். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களைக் கண்காணி செய்வார் என்று குறித்திருக்கிறார்கள். ‘கண்காணி இல்லென்று கள்ளம் பல செய்வார்’ என்று திருமூலர் பாடியதில் அந்தக் கண்காணி இறைவன். பார்க்க யாரும் இல்லை என்று நினைத்துக் கள்ளம் செய்கிறவர்கள், அவன் இல்லாத இடமே இல்லை என்று கண்டுவிட்டால் களவை விட்டுவிடுவார்களாம். இந்தத் துறைக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழனுக்குக் கண்காணி என்றால் கடவுள் நினைவுக்கு வருவதில்லை. வாயில் புழங்கிப் புழங்கி அது கங்காணி ஆனது. மலாயாத் தோட்டங்களுக்கு ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர், வந்தபின் வேலை வாங்கியவர், பேரேட்டில் கடனை எழுதி வைத்தவர். 1938இல் அன்றைய இந்திய அரசாங்கம் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியதோடு அந்த முறை முடிந்தது. சொல்லின் கசப்பு முடியவில்லை. “ரொம்பக் கங்காணி வேலை பாக்காதே” என்று இன்றும் திட்டுகிறோம். நான் ‘கண்காணிப்பு’ என்றதும் அந்த அம்மா அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். அது கங்காணியைப் பார்த்த பார்வை.

அவர் நினைத்ததுபோல வீட்டு வாசலில் யாரும் நின்றுகொண்டிருக்கப் போவதில்லை. சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின்கீழ் வேலை பார்க்கும் இந்த அதிகாரிகளின் பணி, நீதிபதி முடிவெடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பையனைப் பற்றி அறிக்கை தயாரிக்க வீட்டுக்கு வருவார்கள், பள்ளியிலோ வேலையிடத்திலோ விசாரிப்பார்கள், அப்பா அம்மாவிடம் தனித்தனியாகவும் பேசுவார்கள். நீதிமன்றம் ஆணை போட்டால் அது 6 மாதத்துக்குக் குறையாது, 3 ஆண்டைத் தாண்டாது. அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிபந்தனை. இரவு இத்தனை மணிக்குமேல் வீட்டில் இருக்க வேண்டும், 240 மணி நேரம் வரை சமூகச் சேவை, சிலருக்குச் சிறுநீர்ச் சோதனை, சிலருக்குக் காலில் மின்னணுப் பட்டை. பிள்ளை ஒழுங்காக இருப்பான் என்று பெற்றோரிடம் பிணைமுறி எழுதி வாங்குவதும் உண்டு. 1971 முதல் தொண்டூழியர்களும் இந்த வேலையில் கைகொடுக்கிறார்கள். 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மறுவாழ்வே முதல் நோக்கம் என்று நீதிமன்றங்கள் பார்ப்பதால் இளையர்களுக்குத்தான் இது அதிகம் கிடைக்கும். பெரியவர்கள், தாங்கள் உண்மையிலேயே திருந்தக்கூடியவர்கள் என்று இன்னும் அழுத்தமாகக் காட்டியாக வேண்டும்.

இங்கே ஒரு திருத்தம். ‘நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை’ என்று சிலர் எழுதுவதுண்டு. சட்டத்தின் சொற்படி, தண்டனை விதிப்பதற்குப் பதிலாகப் போடும் ஆணை இது. எனவே ‘தண்டனை’யை ஒட்டாமல் ‘ஆணை’ என்று எழுதுவதே சரி. நிபந்தனையை மீறினால் அல்லது மறுபடி குற்றம் செய்தால், ஒத்திப்போட்ட தண்டனை திரும்பி வரலாம் என்பது வேறு விஷயம்.

பரோல் வேறு. அது பிரெஞ்சுச் சொல், நேர்ப்பொருளே ‘சொல்’தான்: திரும்பி வருகிறேன், ஒழுங்காக இருக்கிறேன் என்று கைதி கொடுக்கும் வாக்கு. பரோல் சிறைக்குப் போனவருக்கு, ப்ரொபேஷன் சிறைக்குப் போகாதவருக்கு. பிணை என்பது வழக்கு நடக்கும்போது வெளியில் இருப்பது, தமிழ்நாட்டில் ஜாமீன். இந்த மூன்றையும் கலந்துகட்டி அடிக்காமல் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அதிகாரியை எப்படி அழைப்பது? தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர், இலங்கையில் நன்னடத்தை உத்தியோகத்தர். நாம் ‘நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரி’ என்று நீட்டி முழக்குகிறோம். ஆணைக்குக் ‘கண்காணிப்பு’ இருந்துவிட்டுப் போகட்டும், அதில் ஒரு பகுதி கண்காணிப்புதானே. ஆளைச் சொல்லும்போது ‘நன்னடத்தை அதிகாரி’ போதும் என்பது என் கட்சி. மற்ற அதிகாரிகளுக்கெல்லாம் நன்னடத்தை கிடையாதா என்று என் நண்பர் ஒருவர் கிண்டல் செய்வார். பரவாயில்லை. அவரிடம் இருக்கும் பையனுக்கு மட்டும் இன்னும் ஒரு சொல் அமையவில்லை. ‘நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர்’ என்று மூச்சுமுட்டத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பையன்கள் அந்தத் தொல்லையே வேண்டாமென்று, அதிகாரியைச் சொல்லும்போது “என் பி.ஓ.” (ப்ரொபேஷன் ஆஃபிசர்) என்று முடித்துக்கொள்கிறார்கள்.

அந்த வீட்டுக்கு நான் இன்னொரு முறையும் போனேன், ஏழெட்டு மாதம் கழித்து. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கதவுக் கம்பி வழியே எட்டிப் பார்த்து, யார் இவர்கள் என்று கேட்டார். ப்ரொபேஷன் என்றும் சொல்லாமல், நான் சொல்லிக்கொடுத்த தமிழையும் சொல்லாமல், அந்த அம்மா சட்டென்று சொன்னார்:

“நம்ம சின்னவனப் பாத்துக்குற மேடம் பாட்டி.”

பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. ‘கொள்’ என்ற துணைவினை ஒட்டியதும் வேவு போய் அக்கறை வந்துவிடுகிறது. இதை அரசாங்கப் படிவத்தில் எழுத முடியாது. ஆனால் அன்று மேடம் என் பக்கம் திரும்பி, பாட்டியிடம் தம்மை என்னவென்று சொன்னார்கள் எனக் கேட்டபோது, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான்தான் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டிருந்தேன்.