விரலைத் தாண்டி வரும் சிவப்பு

இருட்டில் செல்போன் டார்ச்சைப் போட்டு, அதன்மேல் விரல்நுனியை அழுத்தி வையுங்கள். உள்ளே போவது வெள்ளை வெளிச்சம். நகத்தின் பக்கம் வெளியே வருவதோ சிவப்பு. நீலத்தையும் பச்சையையும் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பெரும்பாலும் விழுங்கிவிடும். சிவப்பு தப்பித்துவிடும். அதை அடுத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு இன்னும் ஆழமாகப் போகும். அதைவிட நீண்ட அலைநீளங்களுக்குப் போனால் உடம்பிலுள்ள தண்ணீர் மறித்துக்கொள்ளும். நடுவில் கிடைக்கும் இந்தச் சந்துக்குள்தான், தோல், முடி, வலி என்று பலவற்றுக்காக இந்த ஒளியை உடம்பின்மேல் பாய்ச்சும் சிவப்பு ஒளி சிகிச்சை நுழைகிறது. கருவிகள் பெரும்பாலும் 630 முதல் 660, 810 முதல் 850 நானோமீட்டர் அலைநீளங்களைப் பயன்படுத்துவது அதனால்தான்.

கதை தொடங்கியது எலிகளிடம். 1960-களில் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மழித்த எலிகளின்மேல் சிவப்பு ஒளி தரும் ரூபி லேசரைப் பாய்ச்சினார். லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்பது அவர் கேள்வி. புற்றுநோய் வரவில்லை, முடிதான் சீக்கிரம் முளைத்தது!

சரி, உள்ளே போன ஒளி என்ன செய்கிறது? செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேருவது இதனிடம்தான். செல் நலிந்திருக்கும்போது, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை நைட்ரிக் ஆக்சைடு பிடித்துக்கொள்ளும். சிவப்பு ஒளி பட்டதும் அது இடத்தைக் காலி செய்கிறது, செல்லின் எரிபொருளான ஏடிபி உற்பத்தி மறுபடி சூடு பிடிக்கிறது. அதிகம் சொல்லப்படும் விளக்கம் இது. ஆய்வாளர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதில் பலரும் கோட்டைவிடுவது அளவில். குறைந்தால் பலனில்லை, கூடினாலும் பலன் குறையும், சில சமயம் எதிராகவே திரும்பும். பத்து நிமிடத்தில் நல்லது நடந்தால் ஒரு மணி நேரத்தில் ஆறு மடங்கு நடக்கும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

பலன்களில் ஆதாரம் வலுவாக இருப்பது, விளம்பரங்களில் அதிகம் வராத ஒன்றுக்கு: புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுப்பதற்கு. தலைமுடி அடர்த்திக்கும் ஓரளவு நல்ல சான்று உண்டு. முகச் சுருக்கத்தில் மாற்றம் தெரியும், ஆனால் மிதமாக, அதுவும் வாரக்கணக்கில் விடாமல் செய்தால். மூட்டுவலி ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. உடல் எடை, ஹார்மோன் என்று நீளும் பட்டியலை நான் நம்பத் தயாரில்லை.

புற ஊதா இல்லாததால் வெயிலில் வேகும் மாதிரி தோல் வேகாது. அதற்காக விளக்கை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. தோலை ஒளிக்குக் கூச வைக்கும் மருந்துகள் சாப்பிடுபவர்கள், கருவியை வாங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.