புது வாலில் எலும்பு இல்லை

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் வளர்க்கும் இகுவானா (பெரிய பல்லி வகை) குட்டியின் வால் கதவிடுக்கில் மாட்டி அறுந்துவிட்டதாம். பழையபடி முளைக்குமா என்று கேட்கிறார். முளைக்கும். ஆனால் பழையபடி அல்ல.

வால் அறும் கதை நமக்குத் தெரிந்ததுதான். துண்டு கிடந்து துடிக்கும், எதிரி அதைப் பார்த்து நிற்க, பல்லி ஓடிவிடும். முறிவது எலும்பு மூட்டில் அல்ல. கரும்பு கணுவில் முறியாமல் நடுவில் முறிவதைப் போல, வாலெலும்பின் நடுவிலேயே பிறவியிலிருந்து ஒரு பலவீனமான கோடு இருக்கிறது.

சரி, முளைப்பது எப்படி? காயத்தைத் தோல் மூடியதும் அடியில் செல்கள் குவிகின்றன. அவற்றின் நடுவே, தண்டுவடத்தின் உள்ளுறையான மெல்லிய குழாய் நீண்டு வருகிறது. எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். கருவில் முதன்முதலாக வால் உருவாகும்போது, தண்டுவடத்தின் வயிற்றுப் பக்கம் மட்டும் 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' என்ற புரதத்தைச் சுரக்கும். அது எட்டிய செல்கள் குருத்தெலும்பாகும். முதுகுப் பக்கம் அதைச் சுரக்காது. வாலுக்கு மேல், கீழ் என்ற வேறுபாடு வருவது இப்படித்தான். மறுபடி முளைக்கும் வாலிலோ அந்தக் குழாய் முழுவதும் வயிற்றுப் பக்கமாகவே நடந்துகொள்கிறது! சுற்றிலும் புரதம், அதனால் சுற்றிலும் குருத்தெலும்பு. கடைசியில் கிடைப்பது தனித்தனி எலும்புகள் இல்லாத ஒரே நீளக் குழல்.

2021இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மாற்றிக் காட்டினார்கள். பல்லிக் கருவின் நரம்பு ஸ்டெம் செல்களை (நரம்புத் திசுவாக வளரவல்ல மூலச் செல்களை), அந்தப் புரதத்தின் கட்டளைக்கு மசியாதபடி மரபணுவில் திருத்தி, வெட்டிய வாலில் வைத்தார்கள். புது வாலில் முதுகுப் பக்கம் முதுகுப் பக்கமாகவே நின்றது. குருத்தெலும்பு கீழே மட்டும் வளர்ந்தது.

நம் பஞ்சாங்கங்கள் பல்லி விழும் பலனுக்குப் பக்கம் ஒதுக்குகின்றன. நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டதோ 2020-21இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தண்டுவடம் வளரும் விதத்தைக் கற்றுத்தரும் உயிரி நம் டியூப்லைட்டுக்குப் பின்னாலேயே இருக்கும்போது இது போதாது என்பேன்.

அந்த வாசகிக்கு: புது வால் குட்டையாக, நிறம் மாறி இருக்கும். முதுகு முட்கள் முன்புபோல் வராது. புது வாலில் முறிவதற்கான அந்தப் பலவீனமான கோடு கிடையாது, ஆகவே அடுத்த முறை வால் அறுந்தால் உடலுக்கு இன்னும் அருகில், பழைய எலும்பு உள்ள இடத்தில்தான் அறும். அதனால் வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. காயம் ஆறும்வரை கூண்டில் மணல், தேங்காய்நார் வேண்டாம், வெறும் காகிதம் விரியுங்கள். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம், பியர்டட் டிராகன் என்ற வளர்ப்புப் பல்லியை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நம்பிக்கை வைக்க வேண்டாம். அது நம் ஓணானின் குடும்பம். அதற்கு வால் போனால் போனதுதான்.